ஏழாம் மதகு

தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரியில்
மண்டையில் போட்ட ஒன்பது தையலைப் பிரித்த மறுநாள்
சின்ன வயசு டாக்டரம்மா ஒருத்தி வந்து
பன்னிரண்டு சொற்களை வாசித்தாள்.
ஒரு சொல், ஒரு மூச்சு, அடுத்த சொல்.
கொள்முதல் நிலையத்தில் டோக்கன் கூப்பிடுகிற குரல்.

திருப்பிச் சொல்லுங்க என்றாள்.
குடை. சாவி. எருமை.
அப்புறம் வால் பக்கமாக
சட்டை, பாலம், கடுகு.
ஆறு சொற்கள் இருந்த இடத்தில்
ஃபேன் சுற்றுகிற சத்தம்.

"எல்லாருக்கும் அப்படித்தான் அண்ணே.
மொதலும் கடைசியும் நிக்கும்,
நடுவுல உள்ளது போயிரும்.
அடிபட்டதால இல்ல."

சிரித்துவிட்டேன். தையல் போட்ட இடம் இழுத்தது.
முப்பத்தோரு வருஷம் லஸ்கர் வேலை எனக்கு.
தலைமடை வயலில் கெண்டை துள்ளுகிற நாளில்
கடைமடை வாய்க்காலுக்குள் பையன்கள்
ஸ்டம்பு நட்டு கிரிக்கெட் ஆடுவார்கள்.
முதலும் கடைசியும் நனைந்து
நடு மட்டும் காய்கிற வாய்க்காலை
எந்த இன்ஜினியர் வெட்டினான்
இந்த மண்டைக்குள்?

அவள் இன்னொரு பன்னிரண்டு வாசித்தாள்.
வாசித்த கையோடு
நூறிலிருந்து மும்மூன்றாகக் குறைக்கச் சொன்னாள்.
தொண்ணூற்றேழு, தொண்ணூற்று நாலு...
எழுபத்து மூன்றில் நிறுத்தி
இப்பச் சொல்லுங்க என்றாள்.
வண்டி. உப்பு. கோழி.
அவ்வளவுதான். கடைசிச் சொற்கள்
கையில் ஈரமாக இருந்தவை
கணக்குப் போடுகிற நேரத்தில் வற்றிவிட்டன.

இதுதான் நான் பார்த்த ஆறு.
மேலே எவனாவது மண்மூட்டை அடுக்கினால்
கீழே வெடிப்பு.

ஆனால் அவளிடம் சொல்லாத பட்டியல் ஒன்று உண்டு.
முறை வைத்துத் தண்ணீர் விட்ட வருஷம்
என் கையிலும் பன்னிரண்டு. மதகுகள்.
ஏ.ஈ. எழுதி வைத்துக்கொள்ளச் சொன்னார்.
தினம் கையால் தொடுகிறவனுக்கு எதற்குத் தாள்?
ஒன்றாம் மதகுக்காரர் மாசிலாமணி
கோழி கூவுமுன் போன் அடிப்பார்.
பன்னிரண்டாம் மதகு ஊர்
திருத்துறைப்பூண்டி சாலையில் உட்கார்ந்து
பஸ்ஸை மறிக்கும்.
ஏழாம் மதகில் வைரக்கண்ணு.
மூன்று மா நிலம். போன் இல்லை, சத்தம் இல்லை.
கரையில் ஒரு பரங்கிக்கொடி.

மூன்று முறை வந்தது.
மூன்று முறையும் ஆறைத் திறந்துவிட்டு
எட்டுக்குச் சைக்கிளை மிதித்திருக்கிறேன்.
காசு வாங்கவில்லை. பகை இல்லை.
இதை ஏன் இப்படி அழுத்திச் சொல்கிறேன்
என்று எனக்கே தெரியவில்லை.
மறந்துபோனேன், அவ்வளவுதான்.
பயிர் சூல் கட்டியிருந்த நேரம்.
தாள் நின்றது, கதிரெல்லாம் பதர்.

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால்
கேரியரில் ஒரு பரங்கிக்காயை வைத்து
சணலால் கட்டினாள்.
"கரையில காய்ச்சது" என்றாள்.
நாலு வார்த்தை திட்டியிருந்தால்
மறுவருஷமாவது
அவளிடமிருந்து தொடங்கியிருப்பேன்.

டாக்டரம்மா முதல் தாளைத் திருப்பிக் காட்டினாள்.
தபால், நாற்காலி, ஊசி,
ஏழாவதாக, அச்சடித்த எழுத்தில்,
பரங்கிக்காய்.
அவள் வாசித்திருக்கிறாள். என் காது
ஆறிலிருந்து எட்டுக்குப் போயிருக்கிறது.

"இன்னொரு தடவ படிங்கம்மா" என்றேன்.
"இந்தத் தடவ ஏழுலேருந்து."

பேனா மூடியைக் கடித்தபடி யோசித்தாள்.
"படிக்கிறேன். ஆனா அது மொதலா வந்துட்டா
வேற ஒண்ணு நடுவுக்குப் போயிருமே அண்ணே."

தாளில் மற்ற பதினொன்றையும் பார்த்தேன்.
ஊசி. மெழுகு. தராசு.
ஒன்றும் வாய் திறக்கவில்லை.